‘இன்னும் தயாராகவில்லை’ என்கிறது பள்ளி: அமெரிக்காவில் பேசும் கருவியைக் கேட்டு வாங்குவது எப்படி?

வந்த கேள்வி இது: அமெரிக்காவுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மகனுக்கு 5 வயது, ஆட்டிசம். பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் வரும், அவையும் எப்போதும் வருவதில்லை. பள்ளியில் ஐ.இ.பி. (சிறப்புத் தேவை உள்ள குழந்தைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறது, வாரம் 30 நிமிடம் பேச்சுப் பயிற்சி தருகிறார்கள். படத்தைத் தொட்டால் குரல் வரும் டேப்லெட் கருவியைக் கேட்டோம். “இன்னும் அதற்குத் தயாராகவில்லை, கருவி கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமல் போகலாம், பட அட்டைகளே போதும்” என்றார்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார்கள். ஐ.இ.பி. ஆண்டுக் கூட்டம் ஆறு வாரத்தில் வருகிறது. ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறோம். வற்புறுத்தினால் சிக்கல் வருமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் நெஞ்சில் இருக்கும்வரை மற்றது எதுவும் காதில் ஏறாது. குடியேற்ற ஆவணமே இல்லாத குழந்தைக்குக்கூடப் பொதுப்பள்ளியின் கதவைச் சாத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் ‘பிளைலர் எதிர் டோ’ வழக்கில் தீர்ப்பளித்தது. முறையான விசாவில் இருக்கும் உங்கள் மகனைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். சிறப்புக் கல்வி என்பது பொதுப்பள்ளிக் கல்வியின் ஒரு பகுதி. அதைக் கேட்பது அரசாங்கத்திடம் சலுகை கேட்பது ஆகாது.

நான் வழக்கறிஞர் அல்ல. மகளுக்காகப் பதினொரு ஆண்டுகள் இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தவள். பிறகு அழைத்த தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாகவும் போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று கேட்கிறேன். “கருவியைக் கேட்டோம்” என்கிறீர்கள். எப்படிக் கேட்டீர்கள்? மாலையில் பிள்ளையை அழைத்துவரப் போனபோது வாசலில் நின்றபடியா? பதில் ஆம் என்றால், நீங்கள் கேட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை.

நானும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் வாசலில் நின்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் அன்பான புன்னகை, “கவனத்தில் வைத்திருக்கிறோம்” என்ற பதில். மூன்றாம் ஆண்டு, யாரோ சொன்னார்களே என்று மகளின் பழைய ஐ.இ.பி. தாள்களை வரவழைத்துப் படித்தேன். ‘பெற்றோரின் கவலைகள்’ என்று ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு ஆண்டுகளும் ஒரே வாசகம்: “பெற்றோருக்குக் கவலை எதுவும் இல்லை.” அவர்கள் பொய் எழுதவில்லை. கூட்ட முடிவில் “வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று கேட்டிருப்பார்கள், நான் “இல்லை இல்லை, எல்லாம் நல்லபடியாகப் போகிறது, மிக்க நன்றி” என்று சொல்லியிருப்பேன். வேறு என்ன சொல்வோம்? ஆசிரியரிடம் கை கட்டி நின்று வளர்ந்தவர்கள் நாம். எதிரில் ஏழு பேர் கோப்புகளோடு உட்கார்ந்திருக்கும்போது நாக்கு தானாகவே நன்றி சொல்லிவிடும்.

அந்த மேசையில் நீங்கள் விருந்தாளி அல்ல. ஐ.இ.பி. குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதும்போது பெற்றோரைத்தான் முதலில் எழுதியிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 1970களின் தொடக்கம் வரை, ‘இந்தக் குழந்தைக்குக் கற்பிக்க முடியாது’ என்று சொல்லிப் பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. பென்சில்வேனியாவிலும் வாஷிங்டன் நகரிலும் பெற்றோர் வழக்குப் போட்டு 1972இல் வென்றார்கள். அந்த வெற்றிகளின் மேல் எழுந்ததுதான் 1975இன் சிறப்புக் கல்விச் சட்டம். 1990இல் அதற்கு ‘ஐடியா’ என்ற இப்போதைய பெயர் வந்தது. 2004இல் கடைசியாகப் பெரிய அளவில் திருத்தினார்கள். ஆகவே கேள்வி கேட்கும் பெற்றோரை இந்தச் சட்டம் சகித்துக்கொள்ளவில்லை, எதிர்பார்க்கிறது.

சரி, எதைக் கேட்பது? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கருவியைக் கேட்காதீர்கள், மதிப்பீட்டைக் கேளுங்கள். “ஐபேட் வேண்டும்” என்று எழுதினால் பேச்சு ஐபேடின் விலையைப் பற்றியும் பக்கத்து வகுப்பில் யாருக்கும் இல்லையே என்பதைப் பற்றியும் போய்விடும். ஏதாவது ஒரு செயலியின் பெயரைச் சொன்னால் அது சரியா தவறா என்று விவாதம் கிளம்பும். “என் மகன் தன் தேவைகளைச் சொல்ல முடியாமல் இருக்கிறான்; அசிஸ்டிவ் டெக்னாலஜி எவாலுவேஷன் (துணைக் கருவி மதிப்பீடு), அதில் ஏ.ஏ.சி. (வாய்ப்பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ வரும் வழிகள்) மதிப்பீடும் சேர்த்துச் செய்யக் கோருகிறேன்” என்று எழுதினால் அதற்கு இரண்டே பதில்கள்தான் இருக்க முடியும். செய்ய வேண்டும், இல்லையென்றால் ஏன் செய்ய மாட்டோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

சட்டம் இதில் உங்கள் பக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. 1997 திருத்தத்திலிருந்து, ஐ.இ.பி. உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் துணைக் கருவியோ அது சார்ந்த சேவையோ தேவையா என்று குழு பரிசீலித்தே தீர வேண்டும். கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்ற வரம்பு இல்லை. துணைக் கருவி என்பதற்கான வரையறையும் அகலமானது: குழந்தையின் செயல்திறனைக் கூட்டவோ காக்கவோ மேம்படுத்தவோ பயன்படும் எந்தப் பொருளும். கடையில் வாங்கியதா, மாற்றியமைத்ததா, தனியே செய்ததா என்பது பொருட்டல்ல. பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடியும் துணைக் கருவிதான், கண்ணசைவில் இயங்கும் கணினியும் துணைக் கருவிதான். காது கேட்க உதவும் காக்ளியர் இம்பிளான்ட் போல அறுவை மூலம் உடலுக்குள் பொருத்துவது மட்டும் இதில் சேராது. வரையறையின் மறுபாதியான சேவையை யாரும் வாசிப்பதில்லை. மதிப்பிடுவது, வாங்கித் தருவது அல்லது வாடகைக்கு எடுப்பது, குழந்தைக்கு ஏற்றபடி அமைப்பது, பழுது பார்ப்பது, குழந்தைக்கும் குடும்பத்துக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருவது எல்லாம் சேவையில் அடங்கும். இந்த மறுபாதிக்குத் திரும்பவும் வருவேன்.

மின்னஞ்சலில் எழுதுங்கள். சிறப்புக் கல்வி இயக்குநர், உங்கள் மகனின் கேஸ் மேனேஜர் (அவன் ஐ.இ.பி.யைக் கவனித்துக்கொள்ளும் பள்ளி ஊழியர்), பள்ளி முதல்வர் மூவருக்கும் போகட்டும். தேதி இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தை அனுப்புமாறும் அதிலேயே கேளுங்கள், ஏனென்றால் கடிகாரம் ஓடத் தொடங்குவது கடிதம் போன நாளிலிருந்து அல்ல. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் அவர்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாள் என்பதுதான் முதல் மதிப்பீட்டுக்கு மத்திய அரசின் விதி. மாநிலங்கள் தங்களுக்கென்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸில் அது 45 பள்ளி நாட்கள். உங்கள் மகனுக்கு ஏற்கெனவே ஐ.இ.பி. இருப்பதால் எந்தக் கெடு பொருந்தும், எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு முன் அறிக்கை வராது என்று கவலைப்பட வேண்டாம். கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்றுதான் விதி, ஒருமுறை மட்டுமே என்று அல்ல. அறிக்கை வந்ததும் இன்னொரு கூட்டம் கேட்கலாம்.

கடிதத்துக்கு உயிர் கொடுப்பது உதாரணங்கள். “அவன் மிகவும் கஷ்டப்படுகிறான்” என்ற வரி யாரையும் அசைக்காது. ஒரு நோட்டை எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள்: எப்போது, எங்கே, என்ன சொல்ல முயன்றான், எப்படி முயன்றான், புரியாதபோது என்ன நடந்தது. ‘அடம் பிடித்தான்’ என்று எழுதாதீர்கள். ‘குளிர்பதனப் பெட்டியின் முன் நின்று என் கையை இழுத்தான், நான்கு பொருட்களைக் காட்டினேன், நான்கையும் தள்ளிவிட்டான், தரையில் படுத்து 15 நிமிடம் அழுதான், அவன் கேட்டது தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது’ என்று எழுதுங்கள். இப்படி எட்டுப் பத்துச் சம்பவங்கள் சேர்ந்தால் அவற்றை ஒதுக்கித்தள்ளுவது கடினம். என் மகளின் நோட்டில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. தினமும் காலை ஒரே வகுப்பறையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள் என்று பள்ளியிலிருந்து தகவல் வரும். பள்ளி அதை ‘நடத்தைப் பிரச்சினை’ என்று குறித்து வைத்திருந்தது. ஏன் என்று அப்போது எனக்கும் தெரியவில்லை.

இனி உங்களுக்குக் கிடைத்த பதில்களுக்கு வருகிறேன். ‘தயாராகவில்லை’ என்பது காலாவதியான பேச்சு. முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும், காரண காரியம் புரிய வேண்டும், பட அட்டை எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், பிறகுதான் கருவி என்று ஒரு காலத்தில் படிக்கட்டு கட்டி வைத்திருந்தார்கள். கருவியைத் தொடங்க முன்தகுதி எதுவும் தேவையில்லை என்பதுதான் இப்போது பேச்சு மொழித் துறையின் நிலைப்பாடு. நீங்களே யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு ஏறக்குறைய ஓராண்டு நாம் அதனிடம் ஓயாமல் பேசுகிறோம். ‘இன்னும் தயாராகவில்லை, அதுவரை இதனிடம் யாரும் பேசாதீர்கள்’ என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

‘கருவி வந்தால் பேச்சு போய்விடும்’ என்ற அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் இருந்தது, என் மாமியாருக்கு இன்னும் அதிகமாக இருந்தது. ஆனால் ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதரவாக இல்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் வடிகட்டி 27 பேரின் நிலையைப் பார்த்தது. கருவியோ சைகையோ படமோ தந்த பிறகு அவர்களில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 10இல் 9 பேருக்கு ஓரளவு கூடியிருந்தது. பெரிதாகப் பேச ஆரம்பித்துவிடுவான் என்று இதிலிருந்து நம்பிக்கை வளர்த்துக்கொள்ளவும் வேண்டாம். பேச்சு வரலாம், வராமலும் போகலாம். கருவி அதற்குக் குறுக்கே நிற்காது. அவ்வளவுதான் நாம் கூட்டத்தில் சொல்ல வேண்டியதும்.

பட அட்டைகளை நான் பழிக்கவில்லை. மின்சாரம் வேண்டாம், தண்ணீரில் விழுந்தால் போகட்டும், நீச்சல் குளத்திலும் பயன்படும். ஆனால் பெரியவர்கள் வெட்டி ஒட்டி வைத்த சொற்கள்தான் அதில் இருக்கும். பிஸ்கட் கேட்கலாம், ஊஞ்சல் கேட்கலாம். ‘வயிறு வலிக்கிறது’, ‘நீ போ’, ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று சொல்ல அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. நாள் முழுதும் நாம் பேசுவதில் பெரும்பகுதி சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது: வேண்டும், வேண்டாம், போ, இன்னும், அது, நிறுத்து. நல்ல கருவிகள் இந்த மையச் சொற்களை ஒரே இடத்தில் மாறாமல் வைத்து அதைச் சுற்றி மற்றவற்றை அடுக்குகின்றன. அட்டைப் பையில் அதைச் செய்வது எளிதல்ல.

பணம் இல்லை என்பது பதிலே அல்ல. குழந்தை தகுந்த கல்வி பெற அது தேவை என்று குழு முடிவு செய்தால் குடும்பத்துக்குச் செலவில்லாமல் பள்ளி நிர்வாகம் தர வேண்டும்.

இந்தப் பதில்களில் எது வந்தாலும் நீங்கள் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்றுதான். “புரிகிறது. இந்த மறுப்பை பிரையர் ரிட்டன் நோட்டீஸாகத் தாருங்கள்.” ஆங்கிலத்தில் இந்த மூன்று சொற்களையும் அப்படியே சொல்லுங்கள், மாற்ற வேண்டாம். பெற்றோர் கேட்டதைப் பள்ளி மறுத்தால் எதை மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம், எந்த மதிப்பீட்டை வைத்து மறுக்கிறோம், வேறு என்ன வழிகளைப் பரிசீலித்தோம் என்று எழுதித் தர வேண்டியது அவர்கள் கடமை. வாயால் ‘தயாராகவில்லை’ என்று சொல்வது மிக எளிது. எந்தச் சோதனையை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று எழுத உட்காரும்போதுதான் எந்தச் சோதனையும் நடக்கவில்லை என்பது அவர்களுக்கே தெரியவரும். நான் துணைக்குப் போன குடும்பங்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு வாசகத்துக்குப் பிறகு ஒப்புதல் படிவம் வந்தது. சண்டை இல்லை, குரல் உயரவில்லை.

மதிப்பீடு நடந்தால் போதுமா என்றால், இல்லை. ஒரு செயலியை 20 நிமிடம் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டு ‘ஆர்வம் காட்டவில்லை’ என்று எழுதிய அறிக்கையை வாசித்திருக்கிறேன். அவன் புழங்கும் இடங்களிலேயே பார்க்க வேண்டும்: வகுப்பில், சாப்பாட்டு நேரத்தில், விளையாட்டுத் திடலில். துணைக் கருவித் துறையில் ஜாய் ஸபாலா வகுத்த ஒரு முறை உண்டு, ‘செட்’ என்பார்கள். முதலில் குழந்தை, அடுத்து அவன் சூழல், பிறகு அங்கே அவன் செய்ய வேண்டிய வேலைகள், கருவி கடைசியில்தான். உங்கள் பள்ளியின் அறிக்கை இந்த வரிசையில் போகிறதா, கருவியில் தொடங்கிக் கருவியிலேயே முடிகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளைச் சில வாரங்கள் பழக்கிப் பார்த்துக் குறிப்பு எடுத்திருக்க வேண்டும். புரோலோகுவோ2கோ, டச்சாட், லாம்ப் என்று பல செயலிகள் உண்டு. எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன், உங்கள் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அறிக்கை சரியில்லை என்றால், இண்டிபெண்டன்ட் எஜுகேஷனல் எவாலுவேஷன் கேட்கலாம். பள்ளியைச் சாராத வெளி நிபுணர் மதிப்பிடுவார், செலவு பள்ளியுடையது. ஒன்று, பள்ளி பணம் கட்ட வேண்டும், இல்லையேல் தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணையில் நிரூபிக்கப் போக வேண்டும். ஏன் வேண்டும் என்று உங்களைக் கேட்கலாம். விளக்கம் சொன்னால்தான் தருவோம் என்று நிபந்தனை போட முடியாது.

தமிழை நிறுத்தச் சொன்னார்களே, அதற்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சி கெடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்கு மாறாக, அம்மாவும் அப்பாவும் தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையிடம் பேசத் தொடங்கினால் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். கொஞ்சல் போகும், கதை போகும், கட்டளை மட்டும் மிஞ்சும். இப்படி நிறுத்திய ஒரு குடும்பத்தில் பாட்டி பேரனோடு பேசுவதையே விட்டுவிட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ‘பத்துப் பன்னிரண்டு சொற்கள்’ என்ற கணக்கு யாருடையது? பள்ளியின் அறிக்கையில் தமிழ்ச் சொற்களைச் சேர்த்தார்களா? ஒரு பையன் ‘தா’, ‘போ’, ‘வா’ மூன்றையும் இடமறிந்து சொல்வான். அறிக்கையில் அவை ‘பொருளற்ற ஒலிகள்’ என்று பதிவாகியிருந்தன. குழந்தையின் தாய்மொழியில், அல்லது சரியான தகவல் கிடைக்கக்கூடிய மொழியிலும் வடிவத்திலும் மதிப்பிட வேண்டும் என்பது சட்டம். முற்றிலும் நடைமுறைக்கு ஒவ்வாத நிலை இருந்தால்தான் விலக்கு. கூட்டத்தில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும். ‘எனக்கு ஆங்கிலம் தெரியுமே’ என்று கூச்சப்படாதீர்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் பேசுவது வேறு, உங்கள் பிள்ளையைப் பற்றிய கலைச்சொற்கள் மழையாகக் கொட்டும்போது அதைப் பிடிப்பது வேறு. கருவியிலும் தமிழ் வேண்டும் என்று கடிதத்தில் சேருங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழ் உண்டு. மற்ற பலவற்றில் பொத்தானுக்கு உங்கள் குரலையே பதிவு செய்து வைக்கலாம்.

கூட்டத்துக்கு முன் வரைவு அறிக்கையைச் சில நாட்கள் முன்னதாகவே அனுப்பச் சொல்லுங்கள். மகனின் பள்ளிப் பதிவுகளைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, கூட்டத்துக்கு முன் கேட்டால் முன்பே காட்ட வேண்டும். பிள்ளையைத் தெரிந்தவர் யாரையும் உடன் அழைத்துப் போகலாம். ஒன்றும் பேசாமல் குறிப்பெடுப்பவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலே அறையின் தொனி மாறும். மேசையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். வந்திருந்தேன் என்பதற்கான கையெழுத்து வேறு, திட்டத்துக்குச் சம்மதம் என்பதற்கான கையெழுத்து வேறு. எது எது என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தொடுங்கள். “வீட்டில் படித்துவிட்டு அனுப்புகிறேன்” என்பது முழுமையான பதில். ஆனால் சில மாநிலங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் திட்டம் தானாக நடைமுறைக்கு வந்துவிடும். எத்தனை நாள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐ.இ.பி. தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நிதானமாக இருங்கள், முழு ஆண்டும் இதன் மேல்தான் ஓடப்போகிறது. ‘மாணவனுக்குக் கருவி கிடைக்கும்படி இருக்கும்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். கிடைக்கும்படி என்றால்? அலமாரியில் இருந்தாலும் கிடைக்கும்படிதான் இருக்கிறது. பள்ளி நாள் முழுவதும், எல்லா இடத்திலும், பஸ்ஸிலும் அவனுடன் இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்பதைக் குழு அந்தந்தக் குழந்தையைப் பொறுத்து முடிவு செய்யும். வீட்டிலும் அது தேவை என்று முடிவானால் அனுப்பியே ஆக வேண்டும். அதற்குத்தான் உங்கள் இரண்டு வார நோட்டு. பழுதானால் எத்தனை நாளில் மாற்று வரும், அதுவரை எந்த அச்சிட்ட பலகை என்பதும் இருக்கட்டும். பழுதாகும், சந்தேகம் வேண்டாம்.

இலக்குகளையும் பாருங்கள். ‘10 முறைக்கு 8 முறை சரியான படத்தைத் தொடுவான்’ என்பது பரீட்சை. ஒரு நாளில் வேறுவேறு மூன்று இடங்களில், வேறுவேறு ஆட்களிடம், யாரும் தூண்டாமல் கேட்கவோ மறுக்கவோ கருத்துச் சொல்லவோ கருவியைப் பயன்படுத்துவான் என்றால் அது பேச்சு. இலக்கு மிகச் சிறியதாக இருந்தால் 2017இன் எண்ட்ரூ எஃப். வழக்கைக் குறிப்பிடுங்கள். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு மாணவனின் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. ஐ.இ.பி. அந்தக் குழந்தையின் சூழ்நிலைக்குப் பொருத்தமான முன்னேற்றம் காணும்படி வகுக்கப்பட வேண்டும், பெயரளவு முன்னேற்றம் போதாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. போன ஆண்டின் இலக்கே தேதி மட்டும் மாறி இந்த ஆண்டும் வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வந்திருந்தால் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், வேறு எதுவும் பேச வேண்டாம்.

வாரம் அந்த 30 நிமிடப் பேச்சுப் பயிற்சி தனியாகவா, நான்கு பேர் குழுவிலா? தாளில் இருக்கும். பாருங்கள்.

எல்லாம் செய்தும் மறுத்தால் படிகள் உண்டு. மாநிலக் கல்வித் துறைக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். ஓராண்டுக்குள் நடந்த மீறலாக இருக்க வேண்டும், 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. பரிசீலிக்கவில்லை, நோட்டீஸ் தரவில்லை, கெடு தாண்டிவிட்டது போன்ற நடைமுறைத் தவறுகளுக்கு இது நல்ல வழி. மீடியேஷன் என்னும் சமரசப் பேச்சும் இலவசம், இரு தரப்பும் சம்மதித்தால் நடக்கும். கடைசிப் படி டியூ பிராசஸ் விசாரணை. அது ஏறக்குறைய நீதிமன்றம் மாதிரி. 2005இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி வழக்கு தொடுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும், ஆகையால் வழக்கறிஞர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். விசாரணை நடக்கும்போது ஏற்கெனவே உள்ள சேவைகளை நிறுத்த முடியாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. இதற்கெல்லாம் முன்பாக, உங்கள் மாநிலத்தின் பேரண்ட் டிரெய்னிங் அண்ட் இன்ஃபர்மேஷன் சென்டரைத் தொடர்புகொள்ளுங்கள். மத்திய அரசு நிதியில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றாவது உண்டு. இலவசமாக வழி சொல்வார்கள்.

வேலை மாறி ஊர் மாறும் குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை. பள்ளி வாங்கிய கருவி பள்ளியின் சொத்து. அந்த ஊரைவிட்டுப் போனால் திருப்பிக் கொடுக்க வேண்டும். புதிய பள்ளி பழைய ஐ.இ.பி.க்கு ஒப்பான சேவைகளை உடனே தர வேண்டும் என்றாலும், நடைமுறையில் சில வாரம் பிள்ளை குரலில்லாமல் தவிப்பான். மருத்துவக் காப்பீட்டின் வழியாக வாங்கினால் கருவி உங்களுடையது, கூடவே வரும். ஆனால் காப்பீட்டில்தான் வாங்க வேண்டும் என்று பள்ளி உங்களை வற்புறுத்தக் கூடாது. மாநிலத் துணைக் கருவித் திட்டங்கள் கருவிகளைச் சில வாரங்களுக்கு இரவலாகவும் தருகின்றன. கூட்டத்துக்கு முன்பே அங்கிருந்து ஒன்றை வாங்கி வீட்டில் பழக்கிப் பார்த்துக் காணொளி எடுத்துக்கொண்டு போவது நல்ல உத்தி. ‘தயாராகவில்லை’ என்று சொன்னவர் முன் அந்தக் காணொளியை ஓட்டலாம்.

இப்போது முன்பு சொன்ன மறுபாதி. கருவி வந்த பிறகு நடப்பதுதான் கடினமான பகுதி. பிள்ளையின் கையில் கொடுத்து “சொல்லு, சொல்லு” என்றால் சொல்ல மாட்டான். நீங்கள் பேசும்போது நீங்களும் அதைத் தொட வேண்டும். ‘போகலாம்’ என்று சொல்லும்போது ‘போ’ பொத்தானை அழுத்துங்கள், சோறு போடும்போது ‘இன்னும்’ அழுத்துங்கள். அவன் திருப்பி அழுத்த வேண்டும் என்று எதிர்பார்க்காமல் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். பள்ளியிலும் ஆசிரியையும் உதவியாளரும் இதையே செய்ய வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சி ஐ.இ.பி.யில் நிமிடக் கணக்கோடு எழுதப்பட வேண்டும். யாருக்கு, யார் தருவார், மாதம் எத்தனை நிமிடம். இந்த வரி இல்லாத ஐ.இ.பி.க்களில் கருவி டிசம்பருக்குள் அலமாரிக்குப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். ‘வேண்டாம்’, ‘நிறுத்து’ ஆகிய பொத்தான்களை மறைத்து வைக்கும் பெரியவர்களும் உண்டு, அடிக்கடி அழுத்துகிறானாம். அனுமதிக்காதீர்கள்.

என் மகள் ஏழு மாதம் எதையும் தானாக அழுத்தவில்லை. எட்டாம் மாதத்தில் ஒரு காலை, அந்த வகுப்பறையில் எழுந்து ஓடுவதற்குப் பதில் ‘நிறுத்து’ என்று அழுத்தினாள். பிறகு ‘சத்தம்’. உதவியாளர் அறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கூரையில் இருந்த புரொஜெக்டரின் விசிறி, போட்ட கொஞ்ச நேரத்தில் கீச்சென்று ஒலிக்கத் தொடங்குமாம். மற்றவர்களுக்குப் பழகிப்போன ஒலி. அணைத்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியை அன்று மாலையே எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அதை அச்செடுத்து, “பெற்றோருக்குக் கவலை எதுவும் இல்லை” என்ற தாளுக்கு அடுத்த தாளாகக் கோப்பில் வைத்திருக்கிறேன்.